நெருக்கடிக்கு ஒரு கார் நிறுத்துமிடம்

போராட்டம் முடிந்த மறுநாள் காலையில் நகராட்சி எங்களுக்கு நன்றி சொன்னது. திட்டியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

நன்றி ஒரு கூடையில் வந்தது. உள்ளே ஆப்பிள்கள், ஒரு குப்பி மேப்பிள் பாகு, மூங்கிலில் செய்த பல் துலக்கும் பிரஷ், 'உங்கள் கோபம் நமது சொத்து' என்று அச்சடித்த துணிப்பை. அதோடு, மக்கள் சொல்வதைக் கேட்க அடுத்த செவ்வாய்க்கிழமை நடக்கவிருந்த 'கேட்கும் கூட்ட'த்துக்கு அழைப்பு. அம்மா பாகை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"திருப்பி அனுப்பணும்மா" என்றேன்.

"அனுப்பு. பாகு மேல உனக்கு என்ன கோவம்? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பது எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. வரிசையில் வைத்தால் தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

எங்கள் ஊர் போர்ட் கெல்வின், கனடாவில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நகரமன்றம் காலநிலை நெருக்கடி என்று தீர்மானம் போட்டது. உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், சிலர் கண் கலங்கினார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். நெருக்கடிக்கு ஓர் அலுவலகம் வைத்தார்கள். அலுவலகத்துக்கு இடமில்லாததால் ஊழியர்கள் நூலகத்தில் குழந்தைகள் பிரிவில், குட்டி நாற்காலிகளில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து நெருக்கடியைக் கவனித்தார்கள். இது அவமானம் என்று பட்டதால் 'காலநிலை நம்பிக்கை மையம்' கட்ட முடிவானது.

எங்கள் ஊரில் எந்தக் கட்டடம் கட்டினாலும் அதற்கேற்ற அளவுக்குக் கார் நிறுத்த இடம் விட வேண்டும். அது சட்டம். ஊரே ஒரே நாளில் காலநிலையைப் பற்றிக் கவலைப்பட்டு மையத்துக்குக் காரில் கிளம்பி வந்தால் என்ன ஆகும் என்று ஓர் ஆலோசனை நிறுவனம் கணக்குப் போட்டது. அறுநூறு கார் என்று வந்தது. அவ்வளவு பெரிய காலி இடம் நகராட்சியிடம் ஒன்றுதான் இருந்தது: ஆமைச் சதுப்பு. வரைபடத்தில் அது வெள்ளையாக இருந்ததால் காலி என்று தெரிந்துகொண்டார்கள்.

சதுப்புக்கு இந்தப் பக்கம் டேனர் தெரு. அதில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், பாதி மண்ணுக்குள், நானும் அம்மாவும் குடியிருக்கிறோம். எங்கள் ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருக்கும். தெருவில் போகிறவர்களை நாங்கள் ஷூவை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். மார்ச் மாதம் பனி உருகும்போது தெருத் தண்ணீர் எல்லாம் சதுப்புக்குப் போகும். ஒருமுறை சாலையை அகலப்படுத்த சதுப்பில் ஒரு மூலையை மட்டும் தூர்த்தார்கள். அந்த ஆண்டு தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்காரர் மோரிஸ் தரையைப் பெயர்த்து மறுபடி போட்டுக்கொடுத்தார். "இன்னொரு தடவை வந்தா ரிப்பேர் கிடையாது. இந்தத் தளத்தையே மூடிருவேன். நீங்க வேற இடம் பாத்துக்கணும்" என்றார். அம்மாவின் சம்பளமும், நான் மளிகைக் கடையில் வாங்குவதும் சேர்ந்து இந்த ஊரில் வேறு எந்தக் கதவையும் திறக்காது. மாலையில் மருந்தக உதவியாளர் படிப்புக்குப் போகிறேன். அது முடியும் வரைக்காவது இந்தத் தரை காய்ந்திருக்க வேண்டும். எனக்குக் காலநிலை என்பது அவ்வளவுதான். இதைக் கூட்டத்தில் சொன்னால் சின்னதாகத் தோன்றுமோ என்று சந்தேகம். அதனால் பதாகையில் பூமியைப் பற்றி எழுதினேன்.

பதாகை எழுதலாம் என்று சொன்னது ஆட்ரி. எதிர்வீட்டு மாடியில் இருப்பவள், பள்ளியிலிருந்து என் தோழி. அவள் குரலுக்குப் பேருந்து நிற்கும். என் குரலுக்குக் கதவு மணிகூட அடிக்காது.

"ரெனா, நாம போய் அங்க உக்காரணும்" என்றாள். "மெஷின் வந்தா நம்ம மேல ஏத்தட்டும்."

"ஏத்திட்டா?"

"ஏத்த மாட்டாங்கடீ. கனடாக்காரங்க. முதல்ல ஸாரி சொல்லுவாங்க."

முதல் வெள்ளிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் சதுப்பின் ஓரத்தில் உட்கார்ந்தோம். மதியம் ஒருவர் வந்தார். நல்ல மழைக்கோட்டு, கையில் டோனட் பெட்டி. நெருக்கடி அலுவலகத்தின் பங்கேற்புப் பிரிவு இயக்குநர் ட்ரெவர் பிங்கம்.

"போராடுறீங்களா? அருமை" என்றார். "அனுமதி வாங்கியாச்சா?"

"அனுமதி வாங்கினா அது போராட்டமா சார்?" என்றாள் ஆட்ரி.

"சார் எல்லாம் வேணாம், ட்ரெவர். அனுமதி வாங்கினாத்தான் எங்களால உங்கள ஆதரிக்க முடியும்."

"உங்கள எதிர்த்துத்தானே உக்காந்திருக்கோம்."

"தெரியும்மா. எங்க ஆதரவு இல்லாம எங்கள எதிர்க்கிறது ரொம்பக் கஷ்டம். நிறையப் பேர் பாதியிலயே விட்டுடறாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கூடாரம் போட்டிருந்தது. நகரும் கழிப்பறை வந்திருந்தது. ஆளுக்கொரு ஆரஞ்சு நிறச் சட்டை, முதுகில் 'அங்கீகரிக்கப்பட்ட எதிர்ப்பாளர்'. குளிராக இருந்தது, நான் போட்டுக்கொண்டேன். ட்ரெவர் எங்கள் முழக்கத்தைக் கேட்டார். 'தாரைக் கொண்டு போ, சதுப்பை விட்டுப் போ' என்று கத்திக் காட்டினோம்.

"நல்லா இருக்கு" என்றார். "ஆனா அந்த 'போ' இருக்கே, அது கொஞ்சம் கதவ மூடுற மாதிரி இருக்கு. 'வா'ன்னு முடிச்சா?"

"யாரு வரணும்?" என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

"எல்லாரும்" என்றார் ட்ரெவர். பிறகு எங்களோடு சேர்ந்து கத்தினார். எங்களைவிட உரக்கக் கத்தினார். அவருக்கு அதில் பயிற்சி இருந்தது.

மூன்றாவது வாரம் ஆட்ரி சொன்னாள்: "இப்படி உக்காந்தா விடியாது. மண்ணு வெட்டுற மெஷின்ல நம்மளச் சங்கிலி போட்டுக் கட்டிக்கணும்." மெஷின் இன்னும் வரவில்லையே என்றேன். "அத நான் பாத்துக்கறேன்" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் தைரியமில்லாதவள் என்று நினைப்பாளோ என்று ஒரு தயக்கம்.

வியாழக்கிழமை காலை மெஷின் வந்தது. ட்ரெவரே அனுப்பியிருந்தார். "கட்டிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாம பிள்ளைங்க என்ன பண்ணும்?" என்று மேலிடத்தில் பேசி வாடகைக்கு எடுத்திருந்தார். எங்கள் சங்கிலியை ஒரு பாதுகாப்பு அதிகாரி பரிசோதித்து, துருப்பிடித்திருக்கிறது, கை அறுக்கும் என்று சொல்லி ரப்பர் சுற்றிய சங்கிலி கொடுத்தார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று எங்களிடம், ஒன்று நகராட்சியிடம். உள்ளூர்ச் செய்திக்காரர்கள் வந்தார்கள். ஆட்ரி பேசினாள். நான் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓட்டுகிறவர் தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு அனுமதி முடிந்தது. பூட்டைத் திறந்தார்கள். எல்லோரும் கை குலுக்கினோம். நாங்கள் சாலைக்குப் போவதற்குள் பின்னால் மெஷின் உறுமியது. திரும்பிப் பார்த்தேன். அது சதுப்பின் கரையைத் தோண்டிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றாங்க?" என்றேன் ட்ரெவரிடம்.

"வாடகை ஞாயித்துக்கிழமை வரைக்கும் குடுத்தாச்சு ரெனாட்டா. சும்மா நிறுத்தி வச்சா மக்கள் வரிப்பணம் வீண். நீங்களே நாளைக்கு அதுக்கு எதிரா போராடுவீங்க."

அதாவது சதுப்பில் விழுந்த முதல் பள்ளம் எங்கள் போராட்டச் செலவில் விழுந்தது. அடுத்த நாள்தான் கூடை வந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பு. முதன்முறையாக வகுப்புக்குப் போகாமல் கேட்கும் கூட்டத்துக்குப் போனேன். தேவாலய மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முதலில் இந்த நிலம் ஆதியில் யாருடையது என்பதைத் தாழ்ந்த குரலில் நினைவுகூர்ந்தார்கள். அந்தப் பூர்வகுடிகளில் யாரும் அங்கே இல்லை. ஒரு நிமிடம் மௌனம். பிறகு அதே நிலத்தில் தார் எத்தனை அங்குலம் என்ற விவரத்துக்குப் போனார்கள். ஒரு மென்மையான கல்லைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். கல் வைத்திருப்பவர் மட்டும் தன் மனநிலையை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். ஒருவர் 'நம்பிக்கை' என்றார். ஒருவர் 'நன்றி' என்றார். கல் என்னிடம் வந்தபோது 'தண்ணீர்' என்றேன்.

"அது மனநிலை இல்லையே" என்றார் கூட்டம் நடத்திய பெண், வருத்தத்தோடு. கல்லை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்.

பிறகு ஆளுக்கு ஐந்து பச்சை ஒட்டுப்பொட்டுகள். எங்கள் பக்கத்து ஊர்களிலும் இப்படித்தான். எந்த முடிவானாலும் பலகைகளை மாட்டிவைத்து, பிடித்த இடத்தில் பொட்டு ஒட்டச் சொல்வார்கள். பொட்டைக் கையில் வாங்கிவிட்டால் எங்கள் ஆட்களால் ஒட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. சுவரில் மூன்று பலகைகள். கார் வரிசைகளுக்கு நடுவே எந்த மரம் வைக்கலாம்? ஆமைகள் கடந்து போகும் கோட்டுக்கு எந்த நிறம்? இங்கே ஒரு சதுப்பு இருந்தது என்று சொல்லும் கல்வெட்டு என்ன உயரத்தில் இருக்கலாம்?

"வேணாம்னு ஒட்டுறதுக்குப் பலகை எங்க இருக்கு?" என்றேன்.

"ரொம்ப முக்கியமான கேள்வி" என்றார் அந்தப் பெண். மூலையில் மாட்டியிருந்த வெற்றுத்தாளில் என் கேள்வியை அழகான கையெழுத்தில் எழுதினார். அன்று பேச நேரமில்லாத விஷயங்களை எல்லாம் அந்தத் தாளில் எழுதி ஒதுக்கிவிடுவார்களாம்.

ஆட்ரி என் பக்கத்தில் வந்தாள். "ஒட்டித் தொலைடீ. எல்லாரும் பாக்கறாங்க."

"எதுல ஒட்ட?"

"எதுலயாவது. உள்ள நுழையறதுக்கு ஒரு வழிதானே. உள்ள போயிட்டா அப்புறம் மாத்தலாம்."

நான் யோசித்து, என் ஐந்து பொட்டுகளையும் பலகை இல்லாத வெறும் சுவரில் வரிசையாக ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கலகம் அது. கூட்டம் நடத்திய பெண் வந்தார். "ஐயோ, நழுவிருச்சு போல" என்று நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து, மேப்பிள் மரத்துக்கு நேராக ஒட்டினார்.

"ஸாரி" என்றேன்.

யார் காலை யார் மிதித்தாலும் இங்கே மிதிபட்டவர்தான் அதைச் சொல்வார். வாய்க்குப் பழகிப்போன சொல். ஆனாலும் சொன்னது நான்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ட்ரெவரோடு இன்னொரு சின்னக் கூட்டம் இருந்தது. எனக்குத் தேர்வு. ஆட்ரி மட்டும் போனாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "சும்மா பேச்சு" என்றாள். அந்த வாரம் என் போனை அவள் எடுக்கவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

நகரமன்றத்தில் வாக்கெடுப்பு நாள். பொதுமக்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். நான் பெயர் கொடுத்திருந்தேன். அதற்கு முன் மேயர் கார்லா வென்டல் பேசினார். எழுதி வைத்துப் படிக்காமல், மனதிலிருந்து பேசினார்.

"எதிர்ப்பே இல்லாத ஒரு திட்டத்த நான் எப்பவுமே நம்பினதில்ல. யாருமே எதிர்க்கலன்னா மக்கள நாம கேக்கலன்னு மாகாணத்துல குத்தம் சொல்லுவாங்க. பணம் வராது. போன தடவ அப்படித்தான் ஒரு நீச்சல் குளம் போச்சு. இந்தத் தடவ நம்ம பிள்ளைங்க கொட்டுற மழையில உக்காந்தாங்க, சங்கிலி போட்டுக்கிட்டாங்க. அத்தன படமும் விண்ணப்பத்தோட இணைச்சாச்சு. மாகாணத்துலயே அதிகமா மக்களக் கேட்டுக் கட்டுற கார் நிறுத்துமிடம் இதுதான். இந்தப் பெருமை என்னோடது இல்ல. உங்களோடது."

அப்போது ஊழியர்கள் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தாள். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. 'இளைஞர் நம்பிக்கை ஒருங்கிணைப்பாளர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். ஆட்ரி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அறிக்கையைப் படித்தாள். இளைஞர்கள் மேப்பிளைப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்ததாகவும், கருத்து வேறுபாடுகள் நட்போடு கையாளப்பட்டதாகவும், 'சுவரில் இருந்த சில கருத்துகள் பலகைக்கு இடம் பெயர்ந்தன' என்றும் படித்தாள். பேருந்தை நிறுத்தும் அதே குரல்.

என் முறை வந்தது. இந்தத் தடவை பூமியைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் கீழ்த்தளத்தைப் பற்றிப் பேசினேன். மார்ச்சில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், மோரிஸ் என்ன சொன்னார், சதுப்பு போனால் எங்களுக்கு வீடு இல்லை. சொல்லி முடித்தபோது ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெனாட்டா, உங்க கதையப் பகிர்ந்துக்கிட்டதுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம்" என்றார் மேயர். உறுப்பினர்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். கை தட்டினால் சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்பதால் எங்கள் மன்றத்தில் அப்படித்தான் பாராட்டுவார்கள். என் பேச்சை மையத்தின் முகப்புச் சுவரில் பொறிக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது. சதுப்பைத் தூர்ப்பது அடுத்த தீர்மானம். அதுவும் ஒருமனதாக நிறைவேறியது. அதே கைகள். இரண்டுக்கும் நடுவே அவர்கள் தண்ணீர் குடித்தார்கள்.

வெளியே நடைபாதையில் ஆட்ரியைப் பிடித்தேன்.

"எப்ப சேந்த?"

"ரெனா, இங்க வேணாம்."

"எப்பன்னு கேட்டேன்."

"அந்தச் சின்னக் கூட்டத்துல கேட்டாங்க. ஆறு மாசம் பாத்துட்டு நிரந்தரம் பண்ணுவாங்க."

"மெஷின் வேணும்னு ட்ரெவர்கிட்ட சொன்னதும் நீதானா?"

"மெஷின் இல்லாம என்னத்தக் கட்டிக்கிறது? நீயும்தானே கட்டிக்கிட்ட." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பல்லு ரெண்டு போச்சுடீ. இந்த வேலையில பல்லுக்குக் காப்பீடு இருக்கு. உள்ள ஒருத்தியாவது இருக்கணும். நான் உள்ள இருந்தா உங்க வீட்டப் பத்தி ஞாபகப்படுத்துவேன்ல?"

"இப்பத்தான் உள்ள இருந்தியே. ஞாபகப்படுத்தினியா?"

அட்டையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "நீ பேசினது நல்லா இருந்துச்சு" என்றாள். "இவ்வளவு நல்லாப் பேசுவன்னு எனக்குத் தெரியாது."

அவள் சொன்னதில் பல் மட்டும் உண்மை. பள்ளிக்கூட நாளிலிருந்து வலது பக்கமாகத்தான் மெல்லுவாள். நானாக இருந்தால் மறுத்திருப்பேனா? நிறைய யோசித்துவிட்டேன். தெரியவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

குளிர்காலத்தில் தார் போட முடியாது என்பதால் பனி விழுவதற்குள் அவசர அவசரமாக முடித்தார்கள். கார் நிறுத்துமிடம் தயார். மையம் கட்டப் பணம் இன்னும் வரவில்லை. அறுநூறு கார் நிற்கும் கருப்புத் தரை, ஓரத்தில் என் மேப்பிள் கன்றுகள், ஆமைகள் கடக்க மஞ்சள் கோடு. காலநிலை பற்றிக் குறை உள்ளவர்கள் அழைக்க 'கேட்கும் இணைப்பு' என்று ஒரு தொலைபேசி எண்ணும் அறிவித்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பனி மேல் மழை பெய்தது. முதலில் குளியலறை வடிகால் கொப்பளித்தது. பிறகு கதவுக்குக் கீழே வந்தது. அம்மா அரிசி மாவு டப்பாக்களை மேல் தட்டுக்கு ஏற்றினாள், என் மருந்தகப் புத்தகங்களை அடுப்பு மேல் வைத்தாள், கடைசியில் தானும் கட்டில் மேல் ஏறி நின்றாள். தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்தேன். வெள்ளம் காலநிலை சம்பந்தப்பட்டது என்று சொல்லி, 'கேட்கும் இணைப்பு'க்கு மாற்றிவிட்டார்கள்.

"கேட்கும் இணைப்புக்கு வணக்கம். உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம். நான் ஆட்ரி பேசுகிறேன்."

"நான்தான்."

பிறகு விசைப்பலகைச் சத்தம்.

"முகவரி சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லணும் ரெனா. பதிவாகுது."

சொன்னேன்.

"தண்ணீர் எந்த அளவில் உள்ளது?" அது படிக்கிற குரல்.

"கணுக்காலத் தாண்டிருச்சு."

"உங்கள் கவலையை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம்." பிறகு குரல் இறங்கியது. "மெயின் சுவிட்ச் அணைச்சியா?"

"அணைச்சாச்சு."

"மோரிஸுக்குத் தெரிய வேணாம்."

"படியில நின்னு பாத்துட்டான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம்."

விசைப்பலகை நின்றது.

"பம்பு வண்டி அனுப்ப முடியுமா?" என்றேன்.

"எல்லா வண்டியும் மையம் வரப்போற இடத்துல நிக்குது. கார் நிறுத்துமிடத்துல தண்ணி. திங்கக்கிழமை மாகாணத்துலேர்ந்து பாக்க வராங்க." ஒரு மூச்சு விட்டாள். "ரெனா, ஒண்ணு கேக்கணும். கேக்காம என்னால இணைப்ப முடிக்க முடியாது. இந்த அழைப்பில் உங்கள் திருப்தி ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு?"

"ஒண்ணு."

"காரணம்?"

"நீ."

"அப்படி ஒண்ணு இங்க இல்லடீ" என்றாள், ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில். "தாமதம் இருக்கு, மொழி இருக்கு, மரியாதைக் குறைவு இருக்கு. இதுல ஏதாவது சொல்லு."

நான் சொல்லவில்லை. அவளும் வைக்கவில்லை. என் காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் மேலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாருடீ போன்ல, ஆட்ரியா? வந்து புத்தகத்தையாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லு. எதிர்வீடுதானே."

"இல்லம்மா" என்றேன். "நகராட்சி."